அடைக்காதீங்க, கழற்றிப் பாருங்க!

கார்த்திகையில் மாலை போடும் நாளிலிருந்து தை மாத மகரவிளக்கு வரை கம்பம் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலைக்கு ராத்திரி என்பதே கிடையாது. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என ஊர்களைத் தொட்டுக்கொண்டு குமுளி ஏறும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஐயப்ப பக்தர்களின் வேனும் காரும் விடிய விடியப் போய்க்கொண்டிருக்கும். கூட்டம் மிஞ்சும் நாட்களில் போலீஸார் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கிவிடுவார்கள். எந்த வழியில் போனாலும் ஏற்றம் ஏற்றம்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் இருக்கும் தேனியில் கிளம்பிய வண்டி, குமுளிக்குள் நுழையும்போது ஏறக்குறைய 900 மீட்டரில் நிற்கும். போடி பக்கம் போனால் இன்னும் கடுமை. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடிமெட்டில் மூச்சு வாங்கி நிற்கும்போது 1,300 மீட்டருக்கு மேல் வந்திருப்போம்.

சமவெளியில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய டீசல் வண்டிகளின் குட்டு இந்த ஏற்றங்களில்தான் உடைகிறது. செகண்ட் கியரில் போட்டு, மிதியடியை அடிவரை மிதித்தாலும் வண்டி நகர மறுக்கும். பின்கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வருகிறவர் தெரியாத அளவுக்குக் கரும்புகை. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"சம ரோட்டுல நல்லாத்தாண்ணே போகுது. மலையில மிதிச்சா இழுக்க மாட்டேங்குது. புகையா தள்ளுது."

"ஈ.ஜி.ஆரா இருக்கும் தம்பி. ஒரு பிளேட்டப் போட்டு அடைச்சு விட்ருவோமா?"

அந்த இரண்டாவது வரியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. சோதிக்காமலே நோயைச் சொல்லிவிட்டது முதல் தவறு. அடைப்பதை வைத்தியம் என்று நினைத்தது இரண்டாவது தவறு. முதல் தவறு வண்டிக்காரரின் பணத்தைத் தின்கிறது. இரண்டாவது தவறு மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கின் காற்றைத் தின்கிறது.

புகையை மறுபடி உள்ளே அனுப்புவது ஏன்?

ஈ.ஜி.ஆர். வால்வு என்பது கையளவு உள்ள ஓர் உலோகக் கதவு. இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் கழிவுப் புகையில் ஒரு பங்கைத் திருப்பி, இன்ஜின் மூச்சிழுக்கும் வழியிலேயே மறுபடி விடுவதுதான் இதன் வேலை. எரிந்து முடிந்த புகையை ஏன் திரும்ப உள்ளே விட வேண்டும் என்று கேட்காத ஓட்டுநர் இல்லை. நியாயமான கேள்வி.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராது. ஆனால் டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகிறது. அந்தச் சூட்டில் நைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடாக மாறுகிறது. ஒர்க்‌ஷாப்களில் இதை நாக்ஸ் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நுரையீரலை அரிக்கும். ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஆக்ஸிஜன் குறைவு, கரியமில வாயுவும் நீராவியும் அதிகம். அதைக் கொஞ்சம் உள்ளே கலந்தால் எரியும் வேகம் தணிந்து, உச்ச வெப்பம் இறங்குகிறது. நாக்ஸும் குறைகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் இந்த ஏற்பாடு பரவலாக வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் விதிகள் இறுக இறுக டீசல் கார்களில் இது தவிர்க்க முடியாததானது. டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.50 கிராம் நாக்ஸ் என்று பி.எஸ்.3 அனுமதித்தது. பி.எஸ்.4 அதைப் பாதியாக்கி 0.25 என்றது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலான பி.எஸ்.6, 0.08 கிராமில் நிறுத்தியது. அந்த இலக்கை எட்டும் வேலையில் பெரும்பங்கு இந்தச் சின்ன வால்வின் தலையில்தான் விழுகிறது.

எல்லா நேரமும் அது திறந்திருக்காது. எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்று வண்டியின் கணினி முடிவு செய்கிறது. சமவெளியில் லேசாக மிதித்து ஓட்டும்போது நன்றாகத் திறந்திருக்கும். மலையில் அடிவரை மிதிக்கும்போது இன்ஜினுக்கு முழுக் காற்றும் வேண்டும் என்பதால் மூடிக்கொள்ள வேண்டும். மூட வேண்டிய நேரத்தில் மூடாவிட்டால், சுத்தமான காற்று புக வேண்டிய இடத்தைப் பழைய புகை பிடித்துக்கொள்ளும். ஊற்றிய டீசல் எரியாமல் கரியாக வெளியே வரும். இழுவை போவதும் புகை தள்ளுவதும் அதனால்தான். சம ரோட்டில் தெரியாத நோய் மலையில் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வால்வு மூடியே கிடந்து திறக்க மறுத்தால் ஓட்டுநருக்கு இழுவையில் ஒரு குறையும் தெரியாது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கடுமையாகும், மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான். வெளியே போகும் நாக்ஸ் மட்டும் எகிறும்.

கரி எங்கிருந்து வருகிறது?

கழற்றிய ஒரு பழைய வால்வைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. தண்டின் நுனியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தட்டையான மூடி. அது போய் உட்கார வேண்டிய வளையத்தைச் சுற்றிலும் கறுப்பாக, ஈரமும் பிசுக்குமாக ஒரு பொருள் அப்பியிருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கும், நகத்தால் சுரண்டினால் அடை அடையாகப் பெயரும். இரண்டு விரல் நுழைய வேண்டிய குழாயில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருக்கும்.

வெறும் புகைக்கரி இப்படி ஒட்டாது. இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் காற்று இழுக்கும் வழியிலேயே கலக்கிறது. கரியும் எண்ணெயும் சேர்ந்துதான் இந்தப் பிசின் உருவாகிறது. வண்டி நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால் இது அவ்வளவாகப் படியாது. சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம், அங்கிருந்து கம்பம் என்று சந்தைக்கும் தோட்டத்துக்குமாகச் சூடேறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வண்டிக்கும், ஏ.சி. போட்டபடி மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வாடகை வண்டிக்கும் சீக்கிரம் படியும். மாற்றாத ஏர் ஃபில்டர், நாள் கடந்த இன்ஜின் ஆயில், சொட்டுவிடும் இன்ஜெக்டர் ஆகியவை இதற்கு எரியூட்டும். இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் புது வால்வு மட்டும் மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

பழைய ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் கம்பம், தேவாரம், கோம்பை, போடி பக்கத்திலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கித் தோட்டங்களுக்குப் போகும் அந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் இந்த வால்வே கிடையாது. ஜீப் மட்டுமே பார்த்துப் பழகிய கைகள் புது வண்டியில் இதைத் தேவையற்ற தொங்கலாகப் பார்ப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஸ்கேனர், பிறகு ஸ்பானர்

இழுவை இல்லை, புகை வருகிறது என்றவுடன் ஈ.ஜி.ஆர். மேல் பழி போடுவது அவசரம். அதே அறிகுறியைக் காட்டும் கோளாறுகள் இன்னும் பல உண்டு. அடைத்த ஏர் ஃபில்டர் அப்படிச் செய்யும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் கீறல் விழுந்திருந்தாலும் அப்படித்தான். மிதிக்கும்போது உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்டால் முதலில் அந்த ஹோஸைத் தடவிப் பார்க்க வேண்டும், கீறல் உள்ள இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம். இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம். டர்போவின் இறக்கைகள் இறுகியிருக்கலாம். கண்ணாலும் காதாலும் பார்க்கக்கூடிய இந்தப் பரிசோதனைக்குக் கால் மணி நேரம் போதும், செலவு ஒன்றுமில்லை.

அடுத்தது ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில் 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். பி.எஸ்.4 காலத்திலிருந்து வந்த கார்களில் இது சட்டப்படி கட்டாயம். அதில் மாட்டினால் கணினி எழுதிவைத்திருக்கும் கோளாறுக் குறியீடு திரையில் வரும். பி0401 என்றால் வர வேண்டிய புகை வரவில்லை. பி0402 என்றால் அளவுக்கு மீறி வருகிறது. பி0403 வால்வின் மின்சுற்றில் கோளாறு. பி0404 சொன்ன இடத்துக்கு வால்வு நகரவில்லை.

இங்கேதான் பல வண்டிக்காரர்களின் பணம் போகிறது. பி0401 வந்துவிட்டது, வால்வு போச்சு, புதுசு போடுங்கள் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குறியீடு வால்வு செத்துவிட்டது என்று சொல்லவில்லை. புகை வந்து சேரவில்லை என்று மட்டுமே சொல்கிறது. குழாய் அடைத்திருந்தாலும், புகையைக் குளிர்விக்கும் குளிர்விப்பான் அடைத்திருந்தாலும், காற்றளவு சென்சார் தப்பாக அளந்தாலும், யாரோ ஏற்கெனவே பிளேட் போட்டு அடைத்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். பழைய வண்டி வாங்கியவர்கள் கடைசிக் காரணத்தைக் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும்.

குறியீட்டை அழிப்பதற்கு முன்னால் எழுதிக்கொள்ள வேண்டும். அது விழுந்த நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு சுமையில் ஓடியது என்ற விவரமும் கணினியில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அதன் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் ஸ்கேனரில் ஓடும் அளவுகளைப் பார்க்க வேண்டும். கணினி கேட்ட திறப்பு எவ்வளவு, வால்வு உண்மையில் திறந்தது எவ்வளவு என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர்ந்தால் மோட்டார் நலம். ஸ்கேனர் மூலமாகவே வால்வைத் திற, மூடு என்று கட்டளை கொடுக்கும் வசதியும் நல்ல கருவிகளில் உண்டு. திறக்கச் சொல்லும்போது உள்ளே போகும் காற்றின் அளவு சட்டென்று இறங்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தைப் புகை பிடித்துக்கொள்கிறது. வால்வு நகர்ந்ததாக எண் சொல்கிறது, காற்றளவு மட்டும் அசையவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, வால்வு நல்லது. மூடச் சொன்ன பிறகும் காற்றளவு ஏறாமல் கிடந்தால் கரி இடையில் சிக்கி வால்வு மூடாமல் இருக்கிறது. ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

வேக்கத்தில், அதாவது வெற்றிட இழுப்பில், இயங்கும் பழைய வகை வால்வாக இருந்தால் கையால் அழுத்தும் வேக்கம் பம்பு போதும். ஹோஸைக் கழற்றி, பம்பை மாட்டி இழுத்தால் உள்ளேயிருக்கும் தண்டு நகர வேண்டும், பம்பிலுள்ள அளவு முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. தண்டு நகர்ந்தால் வால்வை விட்டுவிட்டு அதற்கு வேக்கம் கொண்டுவரும் ரப்பர் டியூபைப் பாருங்கள். இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடித்த ஒரு முழ டியூபுக்காக முழு வால்வையும் மாற்றியவர்கள் உண்டு. மின்மோட்டார் வகை என்றால் மல்டிமீட்டர். வால்வின் நிலையைச் சொல்லும் சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்து வீட்டு வாசலில் நிற்கும் வண்டியாக இருந்தால் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழற்றும்போது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் வால்வோடு ஒரு குளிர்விப்பான் ஒட்டியிருக்கும், ரேடியேட்டர் கூலன்ட் அதன் வழியாக ஓடும். அப்படியிருந்தால் கூலன்டை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். புகைச் சூட்டிலேயே கிடந்து துருவேறிய போல்ட்டுகள் எளிதில் வராது. முறுக்கி உடைத்துவிட்டால் அரை நாள் வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் சாயங்காலமே அடித்துவிட்டு ராத்திரி ஊறவிடுவது நல்ல மெக்கானிக்கின் பழக்கம்.

வெளியே எடுத்ததும் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் பட்டறைகளில் வெறுங்கையோடு கரியைச் சுரண்டி, காற்றுக் குழாயால் ஊதி, அந்தத் தூசியையே மூச்சிழுக்கும் பையன்களைப் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. அந்தப் புகையின் திடப்பகுதிதான் அவர்கள் நகக்கண்ணில் இருப்பது.

சுத்தம் செய்வதில் பொறுமை வேண்டும். கார்பன் கரைக்கும் ஸ்பிரேயை அடித்து ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மூடி உட்காரும் வளையத்தில் இரும்பால் கீறினால் பிறகு அது ஒருநாளும் இறுக மூடாது. மோட்டார் இருக்கும் பக்கத்தைத் தலைகீழாகத் திரவத்தில் முக்கக் கூடாது, உள்ளே போனால் சென்சார் போய்விடும். மிக முக்கியமாக, தண்டு நகரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பக் கூடாது. பல வால்வுகளில் மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவில் இருப்பவை பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். ஒரு பல் உடைந்தால் கழுவிப் பயன்படுத்த இருந்த வால்வு அந்த நொடியே குப்பைக்குப் போகும். வால்வை மட்டும் கழுவிவிட்டு, அது போய்ச் சேரும் இன்டேக் மேனிஃபோல்டையும் குழாயையும் அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கழுவிய பிறகு மூடி வளையத்தில் சீராக உட்கார்ந்து, தண்டு ஆட்டமில்லாமல், மோட்டார் சொன்னபடி நகர்ந்தால் அதே வால்வை மாட்டலாம். பேக்கிங்கை மட்டும் புதுசு போட வேண்டும். மின்மோட்டார் செத்திருந்தால், சவ்வு கிழிந்திருந்தால், வளையம் அரித்திருந்தால், தண்டு பக்கவாட்டில் ஆடினால் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது இன்ஜின் நம்பரையும் உதிரிபாக எண்ணையும் ஒப்பிட்டு வாங்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் வால்வுகளில் சாக்கெட் பொருந்தும், திறப்பின் அளவு பொருந்தாது. புது வால்வு மாட்டியதும் அது முழுதாக மூடியிருக்கும் நிலை எது என்பதை ஸ்கேனர் மூலம் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, புது வால்வும் சரியில்லை என்று கடையோடு சண்டை போடுவது பல ஊர்களில் நடக்கிறது.

குளிர்விப்பானையும் சும்மா விடக் கூடாது. ரேடியேட்டரில் அடிக்கடி கூலன்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வருகிறது என்றால் அது உள்ளுக்குள் கசிகிறது. 2018இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததற்கு இந்தக் குளிர்விப்பான் கசிவுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. கசிந்த கூலன்ட் கரியோடு கலந்து படிந்து, சூட்டில் பற்றிக்கொண்டது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கார்களை அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது.

பிளேட் போட்டால் என்ன ஆகும்?

இனி அந்தப் பிளேட்டுக்கு வருவோம். தகரத்தில் வால்வின் பேக்கிங் வடிவத்துக்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் செருகிவிட்டால் புகை திரும்பி வராது. வால்வு மூடாத வண்டியில் இழுவை உடனே திரும்பும். கரும்புகையும் நிற்கும். செலவும் சொற்பம். ஒரு டாக்ஸி ஓட்டுநர் இதை ஏன் விரும்புகிறார் என்பது எனக்குப் புரிகிறது. சீசனில் ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் பிழைப்பு போச்சு. புது வால்வுக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். வாரன்டி இருக்கும் வண்டியில் வாரன்டி போகும். கணினி உள்ள வண்டியில் மஞ்சள் விளக்கு அணையாது. அதை அணைக்க மென்பொருளையே மாற்றுகிறவர்களிடம் போனால், நாளைக்கு வேறு எந்தக் கோளாறு வந்தாலும் வண்டி வாய் திறந்து சொல்லாது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. அடைத்த வண்டி புகைச் சோதனையில் தேறிவிடும். நம் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக டீசல் வண்டியில் அளப்பது புகையின் கறுப்பை மட்டும்தான். நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து, சைலன்சரில் செருகிய குழாய் வழியாக எவ்வளவு வெளிச்சம் தடைபடுகிறது என்று பார்ப்பார்கள். பி.எஸ்.4 வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதற்கு முந்தைய வண்டிக்கு 65 என்பது வரம்பு. நாக்ஸை அந்தக் கருவி அளப்பதில்லை. ஆக, கண்ணுக்குத் தெரிந்த கரியை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத விஷத்தைப் பெருக்கிய வண்டிக்கு அரசுச் சான்றிதழ் கிடைக்கிறது. நேர்மையாக வால்வைச் சரிசெய்தவருக்கும் அடைத்தவருக்கும் ஒரே தாள். இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசு. டீசல் வண்டியின் சான்றிதழுக்கு வரும்போது ஸ்கேனரை மாட்டி, ஈ.ஜி.ஆர். குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பதையாவது கட்டாயமாக்கலாம். சாக்கெட் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களே இந்த வழியில் போனதை உலகம் பார்த்திருக்கிறது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் மீது குற்றம்சாட்டியது. சோதனைக் கூடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தால் மாசுத் தடுப்பு முழுதாக வேலை செய்யும், ரோட்டுக்கு வந்ததும் தளர்ந்துவிடும், அப்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். ரோட்டில் நாக்ஸ் வரம்பைப்போல் 40 மடங்கு வரை போனது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்பே, 2013 ஜூலையில், நம் டிராவல்ஸ்காரர்களுக்கு நன்கு தெரிந்த டவேரா வண்டிகளில் 1.14 லட்சத்தை ஜெனரல் மோட்டார்ஸ் மாசு விதிகளுக்காகத் திரும்ப அழைத்தது. சோதனைக்குப் போன இன்ஜின் வேறு, விற்ற இன்ஜின் வேறு என்ற அளவுக்கு விவகாரம் போய், சில அதிகாரிகள் வேலையிழந்தார்கள். தகரத் துண்டு போடும் பட்டறைப் பையனைவிட அவர்கள் செய்தது பெரிய குற்றம். காற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

திராட்சை இலை சொல்லும் சாட்சி

கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கிலும் தெற்கிலும் மேற்குத்தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவே முல்லைப் பெரியாறு. ஆனி, ஆடிக் காற்று அடிக்கும் காலத்தில் பள்ளத்தாக்கு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். மார்கழி விடியலில் அப்படியில்லை. குளிர்ந்த காற்று அடியில் தேங்கி நிற்கும், பனி மூட்டம் வெயில் ஏறும் வரை விலகாது. வண்டிகளின் புகையும் அதோடு தேங்கும். சபரிமலைக் கூட்டம் அதிகம் வருவதும் அதே மார்கழியில்தான். ரோட்டோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்கும் நாக்ஸிலுள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ன செய்யும் என்பதை மருத்துவர்கள் விளக்க வேண்டியதில்லை, இருமலே சொல்லும்.

அதோடு முடிவதில்லை. நைட்ரஜன் டை ஆக்ஸைடு வெயிலில் உடைந்து, காற்றிலுள்ள கரிம ஆவிகளின் துணையோடு ஓசோனை உண்டாக்குகிறது. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் இலைகளுக்கு நஞ்சு. இதை உலகுக்கு முதலில் காட்டிய பயிர்களில் ஒன்று திராட்சை. கலிபோர்னியாவில் திராட்சை இலைகளின் மேற்புறத்தில் காரணம் தெரியாத கரும்பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. இலைகள் வயதுக்கு முன்பே பழுத்து உதிர்ந்தன. பூஞ்சையுமில்லை, பூச்சியுமில்லை. ரிச்சர்ட்ஸ், மிடில்டன், ஹெவிட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1958இல் அதற்குக் காரணம் ஓசோன் என்று நிறுவினார்கள். கார்கள் நெருக்கமாக ஓடிய, மலைகளால் சூழப்பட்ட நிலப்பகுதி அது.

நம் பள்ளத்தாக்கிலும் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி ஊர்களில் திராட்சைக்குப் பந்தல் போட்டு, ஆண்டு முழுக்க அறுவடை எடுக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பந்தல்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது நெடுஞ்சாலை. திராட்சைக்காரர் தன் சொந்த பிக்கப் வண்டியில் பிளேட் போட்டு அடைப்பது, தன் கொடிக்குத் தானே வினை வைப்பது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

பள்ளத்தாக்கில் நல்ல மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் அடிபட்டது என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது நல்ல ஸ்கேனரும், கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பழுதுபார்ப்பு விவரங்களும்தான். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் படிக்கும் மாணவன், ஸ்கேனரில் ஓடும் அளவுகளைப் படித்து நோயைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் வெளியே வரக் கூடாது. சிறிய பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து ஒரு நல்ல கருவி வாங்கிப் பகிர்ந்துகொண்டாலும் போதும், அதன் விலை இரண்டு சீசனில் திரும்பிவிடும்.

வண்டிக்காரர் தன் பங்குக்குச் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். குறியீட்டைக் கண்ணால் பார்த்து, செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வால்வைக் கழற்றியதும் காட்டச் சொல்லுங்கள். கரி மட்டும்தான் என்றால் கழுவி மாட்டச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள், காரணம் மோட்டாரா, சவ்வா, வளையமா என்று மெக்கானிக் விரல் வைத்துக் காட்ட வேண்டும். மாற்றிய பழைய வால்வை உங்களிடமே கொடுக்கச் சொல்லுங்கள். குளிர்விப்பானும் குழாயும் பார்த்தாயிற்றா, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்றா, கணினிக்குப் புது வால்வைக் கற்றுக்கொடுத்தாயிற்றா என்று ஒன்றொன்றாகக் கேளுங்கள்.

அதன் பிறகு சம ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். லோயர்கேம்ப் ஏற்றமோ, போடி முந்தல் ஏற்றமோ, ஸ்கேனரை மாட்டியபடியே மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு வளைவு ஏறிப் பாருங்கள். அடிவரை மிதிக்கும்போது வால்வின் திறப்பு பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். மேலே ஏறி, திரும்பி வந்து, சமவெளியில் லேசாக மிதித்து ஓட்டும்போது மறுபடி திறக்க வேண்டும். இரண்டும் நடந்தால் வேலை முடிந்தது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். பி0401 திரும்ப வந்திருந்தால் வால்வைத் தொடாதீர்கள், குளிர்விப்பானைக் கழற்றிப் பாருங்கள்.